நீலக் கொம்பு

மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். கீழே முன்பக்கத்தில் வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். பின்பக்கக் கொட்டகையில் நான்கு மாடுகள் இருந்தன. எங்களையும் மாடுகளையும் ஒப்பிட்டால் வீட்டுக்காரம்மாவுக்கு மாடுகள்மேல்தான் மதிப்பு அதிகம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மாடுகள் சுவரில் ஆணி அடிப்பதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதில்லை. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவதில்லை. இந்த மூன்றையும் நாங்கள் செய்திருந்தோம்.

அப்பா ஓய்வு பெறும் வரை கன்னடத் தலைநகருக்குள், ஜோகுபாளையத்தில் இருந்தோம். பிறகு அதே பழைய மெட்ராஸ் ரோட்டில் இன்னும் கிழக்கே, பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வருகிற புது லேஅவுட்டுக்கு வந்து சேர்ந்தோம். காற்று சுத்தமாக இருக்கும் என்று அப்பா சொன்னார். காற்று என்னவோ சுத்தம்தான். அதில் வருகிற வாசனை பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

லேஅவுட்டுக்குப் பின்னால் ஆறு. அதை ஆறு என்று சொன்னால் விருந்தாளிகள் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள் போனதும் பெரிய மனுஷியாகிவிடுகிற தென்பெண்ணைதான் அது. எங்கள் பக்கத்தில் இன்னும் பாவாடை சட்டை வயது. நாணலும் கோரையும் நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீரும், மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் ஆற்று மிடுக்கும் இருக்கும். கரையை ஒட்டி நீளமாக ஒரு அரசாங்க நிலம் கிடந்தது. யாருக்கும் சொந்தமில்லை என்பதால் எல்லோரும் அதைத் தங்கள் சொந்தம்போலவே நடத்தினார்கள்.

காலையில் அப்பாவும் அவருடைய வாக்கிங் கோஷ்டியும் அங்கே நடந்தார்கள். பால் கறந்து முடித்ததும் வீட்டுக்காரம்மாவின் மாடுகள் உட்பட லேஅவுட் மாடுகள் எல்லாம் தாமாகவே அங்கே போய் மேய்ந்துவிட்டு, சாயங்காலக் கறவைக்குத் தாமாகவே திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் நடந்தது. இதற்கெல்லாம் நடுவில் அரசாங்கத் துறை ஒன்று, கரை அரிக்காமல் இருக்க நாவலும் நீர்மருதும் நட்டது. மாடுகள் அந்தக் கன்றுகளை, தங்களுக்காகவே யாரோ அன்பாக நட்டு வைத்தவை என்று எடுத்துக்கொண்டன.

நான் அப்போது சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சின்ன கன்சல்டன்சியில் சேர்ந்திருந்தேன். நிலத்தை அளப்பது, வரைபடம் போடுவது, அறிக்கை எழுதுவது எல்லாம் என் வேலை. எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. என் முதலாளிக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் அவர் ஒரு கோப்பை என் மேஜைமேல் வைத்தார். ஆற்றங்கரைப் பொது நிலத்தில் பொழுதுபோக்கு, மேய்ச்சல், கரைப் பாதுகாப்பு மூன்றையும் சமன் செய்ய ஒரு திட்டம் வேண்டும். எந்த ஆற்றங்கரை என்று பிரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்தான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா மிகவும் சந்தோஷப்பட்டார். அவர் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். குறை கண்டுபிடிப்பது அவருக்கு உத்தியோகமாக இருந்தது, பிறகு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு ஆனது. வாக்கிங் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். நடைபாதையில் சாணி கிடப்பது பற்றி அவர் எழுதிய மனுக்களை நான்தான் திருத்திக் கொடுத்து வந்தேன். இனிமேல் மனு எழுத வேண்டிய அவசியமே இல்லை, நேரடியாக மாடுகளைத் தடை செய்துவிடு என்றார். அம்மா அவர் தம்ளரில் காபியை ஊற்றிக்கொண்டே, இது எந்த மாட்டுப் பால் என்று மட்டும் கேட்டாள்.

கீழ்வீட்டுக்குச் செய்தி எப்படிப் போனதென்று தெரியாது. மறுநாள் காலை பால் ஊற்ற வந்த வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றார்.

"ஆத்தங்கரைக்கு நீதான் ப்ளான் போடுறியாமே கண்ணு?"

"ஆமா ஆன்ட்டி. ஆபீஸ்ல குடுத்திருக்காங்க."

"போடு, போடு. படிச்ச பொண்ணு. ஒண்ணு மட்டும் நெனவு வெச்சிக்கோ. அந்தப் புல்லு இல்லன்னா எங்க வூட்டுக்காரரு ஜெயிச்சிடுவாரு."

அவர் கணவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சாதுவான மனிதர். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மாடுகளை விற்றுவிட்டு, கொட்டகையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் அட்டாச்டு பாத்ரூமோடு இரண்டு ரூம் கட்டி சாப்ட்வேர் பையன்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். வீட்டுக்காரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாடுகள் அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த மாட்டின் வழியில் வந்தவை. அவற்றை அவர் பேரம் பேசி வாங்கியதும் இல்லை, விற்பதற்குப் பேரம் பேசப் போவதும் இல்லை. கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆற்றங்கரையில் புல் கிடைக்கிறவரை மாடுகள் இருக்கும். தீவனத்தை விலைக்கு வாங்கிப் போட வேண்டிய நாள் வந்தால் மாடுகள் போகும், ரூம்கள் வரும். இந்த வழக்கு எங்கள் தரை வழியாக அடிக்கடி காதில் விழும்.

"மாடு வாடகை குடுக்குமா?" என்று அவர் கேட்பார்.

"சாப்ட்வேர் பசங்க பால் குடுப்பாங்களா?" என்று இவர் கேட்பார். அத்துடன் அன்றைய விசாரணை ஒத்திவைக்கப்படும்.

ஆக என் வரைபடத்தில் நான் இழுக்கிற ஒரு கோடு, கீழ்வீட்டில் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிக்கும். கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை.

நிலத்தை அளந்தோம். எனக்குத் தெரிந்த நிலம்தான் என்றாலும், ட்ரைபாடு ஸ்டாண்டை ஊன்றிக் கருவி வழியாகப் பார்க்கும்போது தெரியாத சில விஷயங்கள் கண்ணில் பட்டன. மாடு மேய்கிற இடத்தில் புல் கட்டையாக இருந்தது, அங்கேதான் அப்பா கோஷ்டியும் நடந்தார்கள், பையன்களும் பிட்ச் போட்டார்கள். மாடு போகாத இடத்தில் பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் இடுப்பளவு மண்டிக் கிடந்தன, அங்கே மனிதரும் போகவில்லை. மாடுகளை முழுக்க விரட்டினால் வாக்கிங் போக இடம் இருக்காது. இதை அப்பாவிடம் சொன்னேன். புல்வெட்டும் மெஷின் வாங்கலாமே என்றார். மெஷினை யார் தள்ளுவது என்று கேட்டேன். பொது நன்மைக்கு என்றால் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு, தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

உண்மையான தொல்லை லேஅவுட் மாடுகள் அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், இன்னும் தள்ளியிருந்த ஊர்களிலிருந்தும் மந்தை மந்தையாக ஓட்டிவரப்பட்ட மாடுகள்தான் கரையை மிதித்துத் தள்ளின. ஆகவே என் திட்டம் எளிமையானது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு முள்வேலி போட்டு, கன்றுகள் தலையெடுக்கும் வரை மூடி வைப்பது. மிச்சத்தில் நடைபாதை, மைதானம், மேய்ச்சல். மேய்ச்சல் உள்ளூர் மாடுகளுக்கு மட்டும், நுழைகிற வழியில் ஒரு கேட், அதில் ஒரு வாட்ச்மேன். துறை அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர், பொறுமையான மனிதர். எல்லாம் சரிதான், எது உள்ளூர் மாடு என்று வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

காதில் நம்பர் வில்லை மாட்டலாம் என்று எழுதியிருந்தேன். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். மாட்டுக்காரர்களைக் கூட்டி அதைச் சொன்னபோது எல்லோர் சார்பிலும் வீட்டுக்காரம்மா எழுந்தார்.

"காது குத்தணுமா? குத்துங்க, வேணாங்கல. ஆனா தாய்மாமன் மடியில உக்காரவெச்சுத்தான் குத்தணும். என் மாட்டுக்குத் தாய்மாமன் யாரு? இந்த ஆபீசரா?"

இதை அதிகாரிக்குக் கன்னடத்தில் சொல்ல வேண்டியது என் வேலையாயிற்று. முடிந்தவரை கண்ணியமாகச் சொன்னேன். அவர் தன் மடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தனக்கு மூன்று அக்காக்கள் என்றும், ஏற்கெனவே ஏழெட்டுக் காதுகுத்துக்கு மடி கொடுத்தாகிவிட்டது, இதற்கு மேல் தாங்காது என்றும் சொன்னார். வில்லை யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

அப்போதுதான் நான் கொம்பு யோசனையைச் சொன்னேன். உள்ளூர் மாடுகளின் கொம்புக்கு நீல பெயிண்ட் பூசிவிடலாம். வலிக்காது, தூரத்திலிருந்தே தெரியும், செலவும் இல்லை. துறையின் கிடங்கில் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கிய நீல பெயிண்ட் மிச்சம் இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என் முதலாளி, எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வழக்கமாக அவர் பாராட்டுவது பேக்கரிக்காரரின் பன்னை மட்டும்தான்.

நான் ஒன்றும் யோசிக்காமல் இறங்கவில்லை. எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று முறையாகப் பட்டியல் போட்டேன். பெயிண்ட் உரியலாம். மாடு உரசி உரசித் தேய்க்கலாம். கொம்பே இல்லாத மாடு வரலாம். வெளியூர்க்காரர்கள் கள்ள நீலம் பூசலாம். கடைசியாக உள்ளதற்கு எதிரே "வாய்ப்பு குறைவு" என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மாற்று வழியும் இருந்தது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் பெயிண்ட் அடித்தோம். முதலில் வந்தது வீட்டுக்காரம்மாவின் பெரிய மாடு. கறுப்பு வெள்ளைச் சீமை மாடு. லேஅவுட்டிலேயே அதிகம் கறக்கிறது. அதற்குக் கொம்பு இல்லை. கன்றுக்குட்டியாக இருந்தபோதே கொம்பு முளைக்காமல் சுட்டுவிட்டார்கள். பெயிண்ட் டப்பாவோடு நின்றவர் மாட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் பட்டியலில் மூன்றாவது இது என்பதால் நான் கலங்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த நீல நைலான் கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டச் சொன்னேன். மாடு அதைப் பொருட்படுத்தவில்லை. மற்ற மாடுகளுக்கு மளமளவென்று பூசி முடித்தோம். தை முதல் வாரத்திலிருந்து சோதனை ஓட்டம், பிறகு அதிகாரியின் பார்வையிடல் என்று அட்டவணை போட்டேன். நடுவில் சங்கராந்தி விடுமுறை வந்தது. அதையும் அட்டவணையில் கவனமாகக் குறித்து, அந்த நாள்களுக்கு வேலை எதுவும் வைக்காமல் விட்டேன்.

ஏன் விடுமுறை என்று மட்டும் யோசிக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா கொட்டகை வாசலில் மணைபோட்டு உட்கார்ந்து, உடைந்த கண்ணாடித் துண்டால் மாட்டுக் கொம்பை நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் நீலம் சுருள் சுருளாகக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு டப்பா, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. ஒரு கொம்பு மஞ்சள், மறு கொம்பு சிவப்பு என்று ஏற்கெனவே ஒரு மாடு தயாராகி நின்றது. இந்த ஊரில் இருக்கிறோம், கன்னடக் கொடிக் கலரிலேயே இருக்கட்டும் என்று அவருக்கு எண்ணம். முந்தின நாள் கன்னடக்காரர்களோடு சேர்ந்து மாடுகளை நெருப்புத் தாண்ட வைத்தாயிற்று, இன்று நம் வழக்கப்படி பொங்கல். மாடுகளுக்கு இரண்டு நாளும் பண்டிகை. கொம்பில்லாத சீமை மாட்டின் கழுத்தில் நீலக் கயிறு இல்லை, புதுச் சலங்கை இருந்தது.

தெருவில் இறங்கிப் பார்த்தேன். பச்சை, ஆரஞ்சு, ரோஸ். ஒரு மாட்டுக்கு ஜிகினாத் தாள். நீலம் எங்கும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் புதுச் சாயம் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முந்தின நாள்தான் வாசலில் அவ்வளவு பெரிய கோலம் போட்டு, அதன் ஓரத்தில் கொம்பில் சாயம் பூசிய ஒரு மாட்டையும் வரைந்திருந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார்.

"ஏம்மா இஞ்சினீரு, உன் வாட்ச்மேன் என் மாட்ட கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிட்டு ஊரான் மாட்டெல்லாம் உள்ள வுடுறான். இது எந்த ஊரு நியாயம்?"

"நீங்க நீலத்த சுரண்டிட்டீங்களே ஆன்ட்டி."

"பொங்கலுக்குப் பழைய பெயிண்டோட நிக்கணுமா அதுங்க? நீ பழைய துணியா போட்டுகின?"

நான் புதுத் துணிதான் போட்டிருந்தேன்.

ஆற்றங்கரைக்கு ஓடினேன். வாட்ச்மேன் வடக்கேயிருந்து ஏஜென்சி மூலமாக வந்த புது ஆள். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது, நீலம் தெரியும். என் திட்டத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். உள்ளே நிலம் முழுக்க நீலக் கொம்புகள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மந்தைக்காரர்கள் எப்படியும் சங்கராந்திக்குச் சாயம் பூச வேண்டும், பூசுவதை நீலமாகப் பூசினால் மேயவும் விடுகிறார்கள் என்று விஷயம் தெரிந்து பூசிவிட்டார்கள். அந்த வாரம் பெயிண்ட் கடையில் நீலம் தீர்ந்துபோயிற்றாம். உள்ளூர் மாடுகள் மஞ்சளும் சிவப்புமாக கேட்டுக்கு வெளியே, எல்லோரும் மறந்துவிட்ட கல்யாண கோஷ்டி போல நின்றன. நான் உருவாக்கிய முறை மிகச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. தலைகீழாக.

மறுபடியும் நீலம் பூசலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் இரண்டு தரம் சுரண்டினால் கொம்பு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார்கள். பூசினாலும் பயன் இல்லை, நீலத்துக்கு இனி அர்த்தம் போய்விட்டது.

அதிகாரி பார்வையிட வந்தபோது ஒரு நீலக்கொம்பு மந்தை வேலியை முட்டித் தள்ளிவிட்டு அவருடைய நாவல் கன்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். உள்ளூர் மாட்டைப் பிரித்தறிய வழியில்லை என்றால் மேய்ச்சலையே முழுக்க மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அமைதியாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் ஒரு கூட்டம். பொதுமக்கள் சார்பில் வாக்கிங் சங்கத்தின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவு எழுதிவிடலாம். வாக்கிங் சங்கத்தின் தலைவர் யார் என்று கேட்டார். நான் சொன்னேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் ஏற்பட்டன. மாடுகள் கொட்டகையில் கட்டிப்போடப்பட்டன. வீட்டுக்காரம்மா விலைக்கு வைக்கோல் வாங்கினார். கறவை குறைந்தது. பால் குறைஞ்சிடுச்சு கண்ணு என்று என்னிடம் வருத்தமாகச் சொன்னார், குறைந்த பாலில் முதலில் நின்றது எங்கள் வீட்டுப் பால். அம்மா பாக்கெட் பால் வாங்கினாள். அப்பா முதல் வாய் காபியைக் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்பா எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அம்மா பயந்துபோனாள்.

சனிக்கிழமை ஒரு டெம்போ வந்து கொட்டகைக்கு முன்னால் செங்கல் இறக்கிவிட்டுப் போனது. வீட்டுக்காரர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, கோணாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். வெற்றிக்களிப்பு எதுவும் அவர் முகத்தில் இல்லை. பார்க்கப்போனால் சங்கடமாக இருந்தது போலத்தான் தெரிந்தது. சீமை மாடு தலையை நீட்டிச் செங்கலை முகர்ந்து பார்த்தது. அன்று தரை வழியாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவர்கள் சண்டை போட்ட நாள்களில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கிறது.

அப்பா அந்த வாரம் முழுக்க வாக்கிங்கிலிருந்து சீக்கிரமே திரும்பினார். செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளி விட்டுவிட்டு, குழாயடியில் வெகுநேரம் காலைக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டியதை எழுதி, திருத்திக் கொடுக்கச் சொன்னார். "நடைப்பயிற்சியாளர்களின் நீண்டநாள் கோரிக்கை" என்று தொடங்கி, மாடுகளை அடியோடு அப்புறப்படுத்த வேண்டும் என்று முடித்திருந்தார். நான் ஒரே ஒரு சந்திப்பிழையைத் திருத்திவிட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது அவருடைய கருத்து, வரைபடம் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேட் பக்கத்தில் கூடினோம். அதிகாரி, என் முதலாளி, வாக்கிங் கோஷ்டி, மாடு வளர்ப்பவர்கள். உள்ளூர் மாடுகளையும் ஓட்டி வந்திருந்தார்கள், கடைசியாக ஒரு தரம் அதிகாரி கண்ணில் படட்டும் என்று. வீட்டுக்காரம்மா சீமை மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கணவர் கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நீலக்கொம்புகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடைபாதையில் இரண்டு மாடுகள் குறுக்கே படுத்திருந்தன.

அதிகாரி அப்பாவைப் பேசச் சொன்னார். அப்பா காகிதத்தை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், நடைபாதையை ஒரு தரம் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். தொழிற்சாலையில் கற்ற கன்னடமும் நம் தமிழும் கலந்து பேச ஆரம்பித்தார்.

"மாடே வேணாம்னுதான் எழுதிக்கிட்டு வந்தேன் சார். ஆனா விஷயம் வேற. இந்த மஞ்சக் கொம்புங்க இருக்கே, இது மூணு வருஷமா ரெண்டே எடத்துலதான் போடும். ஒண்ணு ரெண்டாவது பெஞ்சுக்கு இந்தாண்ட. இன்னொண்ணு பம்ப் ரூம் பின்னாடி. நாங்க கண்ண மூடிக்கிட்டு ஒதுங்கிப் போயிடுவோம். இந்த ஒரு வாரமா உள்ள வந்திருக்கிற நீலம் இருக்கே, இதுங்களுக்கு ஒரு ஒழுங்கே கெடையாது சார். எங்க போடும்னே சொல்ல முடியல. நாலு நாள்ல மூணு நாள் மிதிச்சிட்டேன்."

வாக்கிங் கோஷ்டி முழுவதும் தலையசைத்தது. அவர்கள் முகங்களைப் பார்த்தால் எல்லோரும் மிதித்தவர்கள் என்று தெரிந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. அப்படியானால் உள்ளூர் மாடுகளைச் சாயம் இல்லாமலே அடையாளம் தெரியுமா என்று கேட்டார். அப்பாவுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அவமானமாகவே இருந்திருக்க வேண்டும். வெளியே நின்ற மாடுகளை நோக்கி நடந்தார். இது மூன்றாவது கிராஸ், கோயில் பக்கத்து வீடு, இடது காது கொஞ்சம் தொங்கும். இது தண்ணீர் டேங்க் எதிர் வீடு, நடுவழியில் நின்றுவிடும், ஹார்ன் அடித்தாலும் நகராது. இது எங்கள் கீழ்வீடு, இது மட்டும் மனுஷனைப் பார்த்தால் தானாக ஒதுங்கும், நல்ல வளர்ப்பு. பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முன்னால் வந்து, ஓர் எருமையைக் காட்டி, அது தன்னை எந்த மரம் வரை துரத்தியது என்று சொன்னார். சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். ஒவ்வொருவராக வந்தார்கள். வருஷக்கணக்கில் மாடுகளுக்கு வழிவிட்டு, விலகி, திட்டி, மனு எழுதி, அந்த மாடுகளை அவர்கள் சொந்தக்காரர்களைப் போலவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

அதிகாரி சோதித்துப் பார்த்தார். வரிசையில் இருந்த மாடுகளை முன்னும் பின்னுமாக மாற்றி நிற்க வைத்துக் கேட்டார். அப்பா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பது வருஷம்.

முடிவு அங்கேயே எழுதப்பட்டது. காலையில் கேட்டில் வாட்ச்மேனோடு வாக்கிங் கோஷ்டியில் ஒருவர் நிற்பார், அவர் கை காட்டுகிற மாடு உள்ளே போகும். மூடிய பகுதியில் எந்த மாடு தலையை நுழைத்தாலும் அன்றைக்கே அதன் வீட்டுக்குப் புகார் போகும். ரெண்டாவது பெஞ்சுக்கு இந்தாண்டையும் பம்ப் ரூம் பின்னாலும் சாணியை மாட்டுக்காரர்கள் தினமும் அள்ளிவிட வேண்டும். அதுவரை ஆற்றங்கரையில் காலையில் வெட்டியாகச் சுற்றுகிறவர்கள் என்று வீட்டுக்காரம்மாவால் சொல்லப்பட்டு வந்த கோஷ்டிக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. கேட்டில் யார் நிற்பது என்று அடுத்த வாரமே அவர்களுக்குள் சண்டை வந்தது. இதையெல்லாம் என் முதலாளி துறைக்குத் தகுந்த ஆங்கிலத்தில், "உள்ளூர்ப் பயனாளர்களின் பங்கேற்புடன் கூடிய அடையாள முறை" என்று பொருள்படும்படி எழுதினார். படித்தபோது நாங்கள் ரொம்ப நாள் யோசித்துக் கண்டுபிடித்தது போலவே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா ஒரு சொம்பு நிறையப் பாலோடு மேலே வந்தார்.

"சாரு என் மாடுங்கள இவ்ளோ கவனிச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாம போச்சு கண்ணு," என்றார்.

"எனக்கும்தான் தெரியல," என்றாள் அம்மா, சொம்பை வாங்கிக்கொண்டே. "என் காது எப்படி இருக்கும்னு அவரக் கேட்டுப் பாருங்க."

அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

செங்கல் அப்படியே கொட்டகை முன்னால் கிடந்தது. டெம்போவைத் திரும்ப அழைக்க வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. சீமை மாடு அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. மாடு இப்படியே தேய்த்தால் செங்கல் உதிர்ந்துவிடும் என்று அவர் சில மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அவரே கைவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ஆற்றங்கரையில் அந்த ரெண்டாவது பெஞ்சு உடைந்த இடத்தில், கொத்தனாரை வைத்து ஒரு திண்டு கட்டினார். ரூம் கட்டுகிற யோசனையை விட்டுவிட்டாரா என்று அப்பா கேட்டதற்கு, இல்லை, அஸ்திவாரம் எப்படி வருகிறது என்று ஒரு சாம்பிள் பார்த்தேன் என்றார். சாயங்காலங்களில் அப்பாவும் அவரும் அதன்மேல் உட்கார்ந்து, மாடுகள் வீடு திரும்புவதைப் பார்ப்பார்கள். தரை வழியாக வழக்கு விசாரணையும் பழையபடி தொடங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அடுத்த மார்கழியில் ஒரு காலை, பால் ஊற்றிவிட்டு வீட்டுக்காரம்மா போகாமல் நின்றார்.

"பொங்கலுக்குக் கொம்புக்கு என்ன கலர் அடிக்கலாம்? முன்னாடியே சொல்லிடு கண்ணு. உங்க ஆபீஸ்ல ஏதாச்சும் ப்ளான் கீதா?"

எங்கள் அலுவலகத்தில் அப்படி எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் தாள்களைத் தூக்கித் தை மாதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துதான், உங்கள் இஷ்டம் ஆன்ட்டி என்று சொன்னேன்.